எம்.எஃப்.ஐ. 1-னு போட்டிருக்கே, அது என்ன சொல்லுது?



புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்புல ஒரு பத்து நிமிஷம் நின்னு சேலம்–நாமக்கல் ரோட்டைப் பாருங்க. திருச்செங்கோடு போர் வண்டி ஒண்ணு போகும். பின்னாடியே கருப்பு ஓஸ் சுருளை ஏத்திக்கிட்டு ஒரு மினி லாரி வரும். டீக்கடை வாசல்ல பால் கவர் அடுக்கின ட்ரே இருக்கும். நிமிர்ந்து பார்த்தா எதிர் வீட்டு மாடியில ஒரு தண்ணி டேங்க். ஓஸ், கவர், ட்ரே, டேங்க் நாலும் ஒரே பொருள்தான்: பாலிஎத்திலீன். கரித்தூள், நிறம்னு கொஞ்சம் சேர்மானத்தை விட்டுட்டா, நாலுலயும் இருக்கிறது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான்.

ஆனா பால் கவர் குருணையைக் கொண்டுபோய் பைப் மெஷின்ல போட்டா, டையை விட்டு வெளியே வந்ததும் தொங்கிப் போயிரும். பைப் குருணையை ட்ரே வார்க்கிற மோல்டுல செலுத்தினா பாதி மோல்டுகூட நிரம்பாது. வேதியியல் ஒண்ணுதான், உருகினதுக்கு அப்புறம் ஓடுற விதம்தான் வேற. அந்த ஓட்டத்தைச் சொல்ல 25 கிலோ மூட்டை மேல ஒரே ஒரு எண் போட்டிருப்பாங்க: எம்.எஃப்.ஐ., அதாவது மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்.

இதை எழுதுறதுக்குக் காரணம் இறுதியாண்டு புராஜெக்டுகள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி குருணையாக்கி ஏதாவது செய்யிற புராஜெக்ட் எந்தக் கல்லூரியிலயும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். முடிவுரையில பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்: "மறுசுழற்சிக் குருணையின் எம்.எஃப்.ஐ. புதுக் குருணையின் எம்.எஃப்.ஐ.-க்குச் சமமாக உள்ளது. எனவே அதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம்." இதுல முதல் பாதி உண்மையா இருக்கலாம். அந்த "எனவே"தான் சிக்கல். ஏன்னு கணக்கோட பார்க்கலாம்.

சந்தகை மெஷின்ல இருந்து ஆரம்பிப்போம்

கொங்குப் பக்கம் வீடுகள்ல சந்தகை பிழியிறதைப் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க. வெந்த மாவை உருளைக்குள்ள போட்டு, மேல இருந்து அழுத்தி, கீழ ஓட்டை வழியா நூலா எடுக்கிறோம். சூடா இருக்கும்போதே பிழிஞ்சிடணும். ஆறிட்டா ரெண்டு பேர் சேர்ந்து அழுத்தினாலும் இறங்காது. எம்.எஃப்.ஐ. மெஷினும் இதேதான். எஃகு உருளையோட உள்விட்டம் 9.55 மி.மீ. அடியில 2.095 மி.மீ. துளையும் 8 மி.மீ. நீளமும் உள்ள ஒரு டை. வெப்பநிலை 190 டிகிரி செல்சியஸ். நாலஞ்சு கிராம் குருணை போட்டு உருக விட்டு, பிஸ்டனோட சேர்த்து 2.16 கிலோ எடையை மேல வைக்கிறோம். பத்து நிமிஷத்துல எத்தனை கிராம் கீழ வருதோ, அதுதான் எம்.எஃப்.ஐ.

எம்.எஃப்.ஐ. 1-ன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு கிராம். அது எவ்வளவு மெதுவான ஓட்டம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. உருகின பாலிஎத்திலீனோட அடர்த்தி 190 டிகிரியில கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.76 கிராம். அப்போ விநாடிக்கு 0.0022 கன செ.மீ. வெளியே வருது. வட்டத் துளையில ஷியர் ரேட் கண்டுபிடிக்கிற சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: ஓட்ட அளவின் நாலு மடங்கை, பை பெருக்கல் ஆரத்தின் மும்மடியால வகுக்கணும். விடை விநாடிக்கு சுமார் 2.4 வரும். அதே மாதிரி 2.16 கிலோ எடை தர்ற அழுத்தத்தை வச்சு, துளைச் சுவர்ல இருக்கிற ஷியர் ஸ்ட்ரெஸ்ஸைப் போட்டா சுமார் 19,400 பாஸ்கல். (பிளஸ் ஒன் புத்தகத்துல இதுக்கு சறுக்குப் பெயர்ச்சித் தகைவுன்னு பேர்.) ரெண்டையும் வகுத்தா பாகுநிலை: ஏறத்தாழ 8,000 பாஸ்கல்-விநாடி. தண்ணியோட பாகுநிலை 0.001. அதாவது இது தண்ணியைவிட எண்பது லட்சம் மடங்கு தடிமனான திரவம்.

விநாடிக்கு 2.4-ங்கிற இந்த எண்ணை மனசுல வச்சுக்கோங்க. கவர் செய்யிற ஃபிலிம் மெஷின் டையில ஷியர் ரேட் நூறுகள்ல இருக்கும். ட்ரே வார்க்கிற இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குல ஆயிரம், பத்தாயிரம்னு போகும். டேங்க் செய்யிற ரோட்டோ மோல்டிங்குல மட்டும் கதை தலைகீழ்: பொடியை அச்சுக்குள்ள போட்டு, சூட்டுல மெதுவா உருட்டுறாங்க, அழுத்தமே கிடையாது, ஷியர் ரேட் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். (1975-ல சின்டெக்ஸ் கொண்டுவந்த டேங்க் ஊரெல்லாம் பரவி, எந்தக் கம்பெனி டேங்கையும் "சின்டெக்ஸ்"னு சொல்ற அளவுக்கு வந்துட்டோம்.) ஆக, எம்.எஃப்.ஐ. அளக்கிற இடமும் மெஷின் ஓடுற இடமும் ஒண்ணு இல்லை. தண்ணி மாதிரி நியூட்டன் விதிக்கு அடங்கின திரவமா இருந்தா இது பிரச்சினையே இல்லை. ஒரு இடத்துல அளந்தா எல்லா இடத்துக்கும் பொருந்தும். பாலிஎத்திலீன் அப்படி இல்லை. வேகமாத் தள்ளத் தள்ள இளகும். இதைத்தான் ஷியர் தின்னிங்னு சொல்றோம்.

எவ்வளவு இளகும்ங்கிறதை ஒரு அடுக்கு எண் சொல்லும். பவர் லா மாடல்ல வர்ற என்-தான் அது. என் 1-ன்னா இளகவே இளகாது. 1-ல இருந்து கீழ இறங்க இறங்க அதிகமா இளகும். இப்போ எம்.எஃப்.ஐ. 1 உள்ள ரெண்டு மூட்டையை எடுத்துக்குவோம். ஒண்ணு எல்.டி.பி.ஈ., இன்னொண்ணு எல்.எல்.டி.பி.ஈ. கணக்குக்காக முதல் ஆளுக்கு என் 0.5, ரெண்டாவது ஆளுக்கு 0.7-னு வச்சுக்கலாம், கிரேடைப் பொறுத்து முன்னபின்ன இருக்கும். ஷியர் ரேட் 2.4-ல ரெண்டு பேருக்கும் பாகுநிலை 8,000. இப்போ ஃபிலிம் டைக்குள்ள போறோம். ஷியர் ரேட் நூறு மடங்கு, அதாவது 240. எல்.டி.பி.ஈ.-யோட பாகுநிலை பத்துல ஒரு பங்கா இறங்கி 800 ஆகுது. எல்.எல்.டி.பி.ஈ. நாலுல ஒரு பங்காத்தான் இறங்குது: 2,000. மூட்டை மேல ஒரே எண், டைக்குள்ள இரண்டரை மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் எங்கே இருந்து வருது?

1933 மார்ச்சுல இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனியோட வின்னிங்டன் ஆய்வகத்துல எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன்னு ரெண்டு பேர் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிக அதிக அழுத்தத்துல வினைபுரிய வைக்கப் பார்த்தாங்க. எதிர்பார்த்தது நடக்கலை; கலத்துக்குள்ள மெழுகு மாதிரி வெள்ளையா ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். அந்த உயர் அழுத்த முறையில சங்கிலி வளரும்போதே பக்கவாட்டுல நீளமான கிளைகள் முளைச்சிடும். கருவேல முள் மாதிரின்னு வச்சுக்கோங்க. இதுதான் எல்.டி.பி.ஈ. பிறகு 1953-ல ஜெர்மனியில கார்ல் சீக்லர் வினையூக்கி வச்சு குறைஞ்ச அழுத்தத்துலயே பாலிஎத்திலீன் செஞ்சார். அதுல நீளக் கிளை கிடையாது, நேர்ச் சங்கிலி. எச்.டி.பி.ஈ. இந்த வகை. 1963-ல அவருக்கும் நாட்டாவுக்கும் நோபல் கிடைச்சது. நேர்ச் சங்கிலியிலயே பியூட்டீன், ஹெக்சீன்னு சின்னச் சின்னக் குட்டைக் கிளைகளை வேணும்னே சேர்த்தா எல்.எல்.டி.பி.ஈ.

உருகின நிலையில இந்தச் சங்கிலிகள் ஒரு தட்டு இடியாப்பம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். ஒரு நூல் மட்டும் நகரணும்னா பக்கவாட்டுல போக முடியாது. பாம்பு பொந்துக்குள்ள ஊர்ற மாதிரி தன் நீளத்தோடயே ஊரணும். 1971-ல பியர்-ஜில் த ஜென் இதை ரெப்டேஷன்னு பேர் வச்சு விளக்கினார் (1991 இயற்பியல் நோபல் அவருக்குத்தான்). இதனால நீளம் கூடினா ஓட்டம் பயங்கரமாக் குறையும். நேர்ச் சங்கிலிகள்ல, தாழ்ந்த ஷியர்ல, பாகுநிலை மூலக்கூறு எடையின் 3.4 அடுக்குல ஏறும். எடை ரெண்டு மடங்கானா பாகுநிலை பத்து மடங்குக்கு மேல. அதனாலதான் சங்கிலி நீளத்துல ஒரு சின்ன மாற்றம்கூட எம்.எஃப்.ஐ.-ல பெருசாத் தெரியும்.

நீளக் கிளை இருக்கிற எல்.டி.பி.ஈ. சங்கிலியால நிம்மதியா ஊர முடியாது, கிளை மாட்டிக்கும். மெதுவாப் போனா தடிமன். வேகமாத் தள்ளினா சங்கிலிகள் ஓட்டத் திசையில படிஞ்சு, பின்னல் அவிழ்ந்து, சட்டுனு வழிவிடும். நேர்ச் சங்கிலிக்கு, அதுவும் எல்.எல்.டி.பி.ஈ. மாதிரி நீளங்கள் ஒரே சீரா இருந்தா, இந்த இளகல் குறைவு. என் மதிப்பு 0.5, 0.7-னு பிரியறதுக்குப் பின்னால இருக்கிறது இவ்வளவுதான்.

ஹீட்டரைக் கூட்டினா சரியாயிடுமா?

எல்.எல்.டி.பி.ஈ.-யை எல்.டி.பி.ஈ.-க்குன்னு செஞ்ச பழைய டையில ஓட்டினா முதல்ல மோட்டார் ஆம்பியர் ஏறும். அடுத்து, வெளியே வர்ற ஃபிலிம் பளபளப்பா இல்லாம சொரசொரன்னு இருக்கும். சுறாத் தோல்னு பேர். நேர்ச் சங்கிலிப் பாலிஎத்திலீனுக்கு டைச் சுவர்ல ஷியர் ஸ்ட்ரெஸ் 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டுற சமயத்துல இது ஆரம்பிக்கும். நம்ம கணக்குப்படி 2,000 பெருக்கல் 240-ன்னா 0.48 மெகாபாஸ்கல். நிஜத்துல மேல போகப் போக என் இன்னும் குறையும். அதனால இவ்வளவு வராது. ஆனா 0.1-ஐத் தாண்டிரும்ங்கிறதுல சந்தேகம் இல்லை.

"சந்தகை இறங்கலைன்னா மாவைச் சூடு பண்ணு"ங்கிற பழக்கத்துல கை நேரா ஹீட்டர் நாப்புக்குத்தான் போகும். இங்கே பாலிஎத்திலீன் ஏமாத்திரும். அதோட ஓட்டத்துக்கான கிளர்வு ஆற்றல் ரொம்பக் கம்மி. நேர்ச் சங்கிலி வகைக்கு மோலுக்கு சுமார் 27 கிலோஜூல். அர்ரீனியஸ் சமன்பாட்டுல போட்டுப் பாருங்க: 190-ல இருந்து 210 டிகிரிக்கு ஏத்தினா பாகுநிலை கால் பங்குதான் இறங்கும். நீளக் கிளை உள்ள எல்.டி.பி.ஈ.-க்கு 50 கிலோஜூல் பக்கம். அதுக்கு அதே 20 டிகிரியில நாற்பது சதவீதம் இறங்கும். எந்த வகைக்கு ஓட்டம் அதிகமாத் தேவைப்படுதோ, அதுக்குத்தான் சூடு குறைவா உதவுது! மேல மேல ஏத்தினா பொருள் கருகும், அவ்வளவுதான்.

சரியான வழி டையோட இடைவெளியை அகலப்படுத்தறது. தட்டையான இடைவெளியில ஷியர் ரேட் இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இடைவெளியை ரெண்டு மடங்காக்கினா ஷியர் ரேட் நாலுல ஒரு பங்கு. அதனாலதான் எல்.எல்.டி.பி.ஈ. டைகள் எல்.டி.பி.ஈ. டைகளைவிட அகலமா இருக்கும். இன்னொரு வழி, துளி அளவு ஃப்ளோரின் பாலிமர் சேர்க்கிறது. அது டைச் சுவர்ல பூச்சா ஒட்டிக்கிட்டு உருகின பிளாஸ்டிக்கை வழுக்க விடும்.

இதையெல்லாம் படிச்சா எல்.எல்.டி.பி.ஈ. ஏன் வாங்கணும்னு தோணும். கவர் மெஷின்ல டைக்கு மேல நடக்கிறதைப் பார்த்தா புரியும். டையை விட்டு வந்த குழாயை உள்ளே காத்து ஊதி, பெரிய பலூனா மேல இழுக்கிறாங்க. அங்கே நடக்கிறது சறுக்கல் இல்லை, இழுவை. வெல்லப் பாகு காய்ச்சும்போது ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்து கம்பிப் பதம் பார்ப்போமே, அதே சோதனை. கம்பி அறுந்துட்டா பதம் வரலை. எல்.டி.பி.ஈ.-யை இழுக்க இழுக்க நீளக் கிளைகள் மாட்டிக்கிட்டு இறுகும். அதனால பலூன் ஆடாம நிக்கும். ஆனா ரொம்ப மெலிசா இழுத்தா அறுந்துரும். எல்.எல்.டி.பி.ஈ. இறுகாது, பலூன் தள்ளாடும், ஆனா நல்லா மெலிசாகும். ஆறினப்புறம் கிழியாது, குத்தினா எளிதில் ஓட்டை விழாது. அதனால கவர்க்காரங்க ரெண்டையும் கலந்து ஓட்டுறாங்க. காலையில நீங்க கத்தரிக்கிற பால் கவர் அந்தக் கலவைதான். எம்.எஃப்.ஐ. இந்த இழுவையைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்றது இல்லை.

போர் ஓஸ்: ஓட்டமும் உறுதியும் முட்டிக்கிற இடம்

நம்ம மாவட்டத்துக்கு இதுல எது முக்கியம்னு கேட்டா, ஓஸ்னுதான் சொல்வேன். கவர் ஓட்டையானா அரை லிட்டர் பால் போகும். போருக்குள்ள ஓஸ் விட்டுப்போச்சுன்னா மோட்டாரே உள்ள மாட்டிக்கலாம். பயிர் தண்ணியில்லாம நிக்கும்.

தண்ணி மட்டம் 500 அடியில இருக்குன்னு வைங்க. 152 மீட்டர், அடியில ஓஸ் தாங்க வேண்டிய அழுத்தம் சுமார் 15 பார். பி.ஈ. 100-ன்னு ஓஸ் மேல அச்சடிச்சிருப்பாங்க. 20 டிகிரியில 50 வருஷம் தொடர்ந்து 10 மெகாபாஸ்கல் தாங்கும்னு அதுக்கு அர்த்தம். பாதுகாப்புக்கு 1.25-ஆல வகுத்தா 8. விட்டம் சுவர்த் தடிமனைப் போல 11 மடங்கா இருக்கிற பைப்புக்கு, ரெண்டு மடங்கு தகைவை பத்தால வகுத்தா 1.6 மெகாபாஸ்கல், அதாவது 16 பார். அட, சரியா இருக்கேன்னு தோணும். ஆனா நம்ம ஊர்ல 20 டிகிரி ஏது? 30 டிகிரிக்கு ஐ.எஸ்.ஓ. அட்டவணைப்படி 0.87-ஆல பெருக்கணும். 16 பார் 14 ஆயிடுது. முதல் தரப் பொருள்லயே கணக்கு இவ்வளவு இறுக்கம்.

பி.ஈ. 100 எப்படி இவ்வளவு தாங்குது? சங்கிலி நீளம். பாலிஎத்திலீன் ஆறும்போது சங்கிலிகள் மடிஞ்சு மடிஞ்சு படிக அடுக்குகளா அமையும். ஒரே சங்கிலி இந்த அடுக்குல பாதி, அடுத்த அடுக்குல பாதின்னு பாலம் போட்டிருந்தாத்தான் ரெண்டு அடுக்கும் பிரியாம இருக்கும். குட்டைச் சங்கிலியால பாலம் போட முடியாது. அதனால நீளம் வேணும்; நீளம்னா 3.4 அடுக்கு வந்து குறுக்க நிக்கும், மெஷின்ல ஓடாது. பைப் குருணையை 2.16 கிலோவுல அளக்க முடியாத அளவுக்கு மெதுவா வரும்ங்கிறதாலதான் அதுக்கு 5 கிலோ எடையில அளக்கிறது வழக்கம். (ஒரு மூட்டையில 2.16, இன்னொண்ணுல 5-னு இருந்தா ரெண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது.)

இதுக்குக் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ரெண்டு உலையைத் தொடர்ச்சியா வச்சு, குட்டைச் சங்கிலி ஒரு பங்கும் நீளச் சங்கிலி ஒரு பங்கும் ஒரே குருணைக்குள்ள செய்யறாங்க. குட்டை ஓட்டத்தைப் பார்த்துக்கும். நீளம் உறுதியைப் பார்த்துக்கும். அதோட, பக்கக் கிளைகளை நீளச் சங்கிலியில மட்டும் வைக்கிறாங்க. கிளை இருந்தா படிகத்துக்குள்ள முழுசா மடிஞ்சு நுழைய முடியாது; வெளியே நீட்டிக்கிட்டு அடுத்த அடுக்குக்குப் பாலமா நிக்கும்.

இப்போ பழைய பிளாஸ்டிக்குக்கு வருவோம்

உடைஞ்ச ஓஸ் துண்டுகளை அரைச்சது ஒரு பாதி, உடைஞ்ச ட்ரே அரைச்சது ஒரு பாதி கலக்கிறோம். ஒரே எடையில அளந்தப்போ ஓஸ் எம்.எஃப்.ஐ. 0.3, ட்ரே 20-ன்னு இருக்கட்டும். கலவையோட எம்.எஃப்.ஐ.-க்குத் தோராய விதி மடக்கைச் சராசரி. 0.3 பெருக்கல் 20, வர்க்கமூலம்: சுமார் 2.4. புதுசா வாங்கின 2.4 கிரேடும் அதே எண்ணைத்தான் காட்டும். ஆனா கலவையில பாதிக்குப் பாதி குட்டைச் சங்கிலி. பி.ஈ. 100-லயும் குட்டை இருக்குதானேன்னு கேட்பீங்க. இருக்கு, ஆனா அங்கே கிளைகள் நீளச் சங்கிலியில திட்டமிட்டு வச்சது, நீளமும் ரொம்பவே நீளம். ட்ரேயும் ஓஸும் கலந்ததுல அப்படி ஒரு திட்டம் கிடையாது. இப்படிச் செஞ்ச பைப் முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். மாசக்கணக்குல அழுத்தத்துலயே இருக்கும்போது ஒரு கீறல்ல இருந்து மெதுவா விரிசல் ஊர்ந்து, ஒரு நாள் நீளவாட்டுல பிளக்கும். பத்து நிமிஷ எம்.எஃப்.ஐ. சோதனையால இதைப் பார்க்க முடியாது. அதனாலதான் பைப் தரச் சோதனையில 80 டிகிரி தண்ணியில அழுத்தம் கொடுத்து 165 மணி நேரம், 1,000 மணி நேரம்னு வைக்கிறாங்க.

இதைவிடக் குறும்பான நிலைமை ஒண்ணு இருக்கு. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தாலும் பால் கவருக்கு விலக்கு உண்டு. அதனால பால் கவர் காயலாங்கடைக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு. கூடவே கோழித் தீவனச் சாக்கும் வரும். நாமக்கல்ல அதுக்குப் பஞ்சமா? சாக்கு பாலிஎத்திலீன் இல்லை, பாலிப்ரொப்பிலீன். தண்ணித் தொட்டியில போட்டுப் பிரிக்கலாம்னு நினைக்காதீங்க. ரெண்டுமே தண்ணியைவிட லேசு, ரெண்டும் மிதக்கும். பி.வி.சி.யும் பாட்டில் பிளாஸ்டிக்கும்தான் மூழ்கும். இந்தக் கலவையை திரும்பத் திரும்ப எக்ஸ்ட்ரூடர்ல விட்டா, பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகள் அறுந்து எம்.எஃப்.ஐ. ஏறும். பல பாலிஎத்திலீன் வகைகள்ல சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எம்.எஃப்.ஐ. இறங்கும். ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்க, சராசரி ஆடாம அசையாம நிக்கும். "மூணு முறை மறுசுழற்சி செய்தும் எம்.எஃப்.ஐ. மாறவில்லை"ன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம். உள்ளுக்குள்ள ரெண்டு பொருளும் சேதமாகியிருக்கும்; எண்ணெயும் தண்ணியும் மாதிரி ரெண்டும் கலக்காமத் தனித்தனித் திட்டாவும் நிக்கும்.

அதுக்காகப் பழைய பிளாஸ்டிக் எதுக்கும் ஆகாதுன்னு சொல்ல வரலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் (2018-ல பத்மஸ்ரீ) பிளாஸ்டிக் ரோட்டுக்கு எடுத்த வழியைப் பாருங்க. கவர் துணுக்கை சூடான ஜல்லி மேல தூவுறார், உருகி ஜல்லியைப் பூசிக்குது, மேல தார். அங்கே டை கிடையாது, இழுவை கிடையாது, 50 வருஷம் உள் அழுத்தம் தாங்க வேண்டிய அவசியமும் கிடையாது. உருகிப் பரவினாப் போதும். கலப்படமான பொருளுக்கு ஏத்த வேலை அது. ஓஸ் அப்படிப்பட்ட வேலை இல்லை.

உங்க புராஜெக்டுக்கு

கேப்பிலரி ரியோமீட்டர் நம்மகிட்ட இல்லையேன்னு கவலை வேண்டாம். எம்.எஃப்.ஐ. மெஷின்லயே எடையை மாத்தினா ஓரளவுக்கு அதே வேலை நடக்கும். ஒரே குருணையை 190 டிகிரியில 2.16, 5, 10, 21.6 கிலோன்னு நாலு எடையில அளங்க. ஸ்ட்ரெஸ் எடைக்கு நேர்விகிதம், 2.16-க்கு 19,400-ன்னா 21.6-க்கு 1,94,000. ஷியர் ரேட், வந்த கிராமை 2.4-ஆல பெருக்கினது. ரெண்டையும் மடக்கைத் தாள்ல குறிச்சா கோட்டோட சாய்வுதான் என். கையாலேயே போடணும்னா, எடை விகிதத்தின் மடக்கையை எம்.எஃப்.ஐ. விகிதத்தின் மடக்கையால வகுங்க. 2.16 கிலோவுல 1 கிராம், 21.6 கிலோவுல 27 கிராம் வந்தா: 1 வகுத்தல் 1.43, என் 0.7. எல்.எல்.டி.பி.ஈ. பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். 21.6-ல எண்பது, நூறுன்னு எகிறினா சங்கிலி நீளங்கள் பரவலா இருக்குன்னோ, நீளக் கிளைகள் இருக்குன்னோ அர்த்தம். டை நீளம் ரொம்பக் குட்டைங்கிறதால நுழைவாயில்ல வீணாகிற அழுத்தமும் இந்த எண்ணுக்குள்ள கலந்திருக்கும். அதனால உண்மையான பாகுநிலைன்னு எழுதாதீங்க, புதுக் குருணையையும் பழைய குருணையையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்க. அதுக்கு இது தாராளம்.

டை வழியா வர்ற நூலோட விட்டத்தையும் ஆறினப்புறம் வெர்னியர்ல அளந்து வைங்க. 2.095-ஐவிடத் தடிமனாத்தான் இருக்கும். அழுத்தி வச்ச சங்கிலிகள் வெளியே வந்ததும் சுருண்டுக்கும். ஒரே எம்.எஃப்.ஐ. உள்ள ரெண்டு குருணைக்கு இந்த வீக்கம் வேறயா இருந்தா, அதுவே ஒரு தகவல். காசு செலவில்லாதது.

பாலிப்ரொப்பிலீன் கலந்திருக்கான்னு பார்க்க டி.எஸ்.சி. ஒரு ஓட்டம் போதும்: எல்.டி.பி.ஈ. 110 டிகிரி பக்கம் உருகும், எல்.எல்.டி.பி.ஈ. 120-ஐத் தாண்டி, எச்.டி.பி.ஈ. 130 பக்கம், பாலிப்ரொப்பிலீன் 160-க்கு மேல. உங்க டிபார்ட்மென்ட்ல இல்லைன்னா கிண்டியில இருக்கிற சிப்பெட் மாதிரி இடத்துக்குச் சாம்பிள் அனுப்பலாம். விரிசல் எதிர்ப்புக்கு, கீறின பட்டையை வளைச்சு சூடான சோப்புக் கரைசல்ல வைக்கிற சோதனை இருக்கு. நாள் பிடிக்கும், அதனால செமஸ்டர் ஆரம்பத்துலயே போட்டுடுங்க.

இந்த நாலு எடை விஷயத்துக்குப் புதுசா எதுவும் வாங்க வேண்டியிருக்காது. எம்.எஃப்.ஐ. மெஷினோட கூடுதல் எடைகள் சேர்ந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம், 2.16-ஐ மட்டும் வெளியே வச்சுட்டு மத்ததை அலமாரியோட கீழ்த்தட்டுல பூட்டி வச்சிருப்பாங்க. லேப் அண்ணாகிட்ட சாவி கேளுங்க.